நிதானம்: ஒரு சொல் வந்த வழி

என் உம்மாவுக்கு முழங்கால் வருத்தம் தொடங்கி மூன்று வருடங்களாகின்றன. ஆஸ்பத்திரி மருந்து எடுத்தோம். எண்ணெய் தேய்த்தோம். யார் யாரோ சொன்ன இலை குழைகளையும் வைத்துக் கட்டிப் பார்த்தோம். கடைசியில் அயல் வீட்டுச் சிங்களச் சகோதரர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, பிலிமத்தலாவையிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு வெதமஹத்தயாவிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் முழங்காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கேள்வி கேட்கத் தொடங்கினார். வலி குனியும்போது வருகிறதா, எழும்பும்போது வருகிறதா? சுபஹுக்கு எழும்பும்போது கூடவா, இஷாவுக்குப் பிறகு கூடவா? எத்தனை பிள்ளைகள் பெற்றீர்கள்? கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்த காலத்தில் குடத்தை எந்த இடுப்பில் வைத்தீர்கள்? இப்படியே முக்கால் மணித்தியாலம் போனது. எனக்கோ அஸர் தவறிவிடுமோ என்ற அந்தரம். "மஹத்தயா, மருந்தைச் சொன்னால் நாங்கள் போகலாமே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்: முதலில் நிதானய, பிறகுதான் மருந்து.

உம்மாவுக்குச் சிங்களம் என்னை விட நன்றாக வரும். திரும்பி வரும்போது முச்சக்கர வண்டியில் இருந்தபடி என் கையைத் தட்டினார். "கேட்டதா மகன்? நான் உங்கட வாப்பாக்கு நாப்பது வருஷமாச் சொன்ன சொல்லத்தானே இந்த மனிசனும் சொல்ற."

வெதமஹத்தயா சொன்னதற்குப் பொருள் "நோயின் காரணம்". உம்மா கேட்டதோ "பதறாமை". இரண்டு பேரும் ஒரே ஓசையைச் சொல்லி இரண்டு பொருளை எடுத்துக்கொண்டார்கள். வழமையாக இப்படியான இடத்தில் "அது வேறு சொல், இது வேறு சொல்" என்று விட்டுவிடுவோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அறபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில், ஒரு சொல்லைக் கண்டால் அதன் வேரைத் தேடாமல் அடுத்த வரிக்குப் போகக்கூடாது என்று எங்கள் உஸ்தாத் பழக்கிவிட்டார். அந்தப் பழக்கம் விடவில்லை. தேடிப் பார்த்ததை வாசகச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வேறு சொல் அல்ல, ஒரே சொல்தான்.

நிதானம் என்பது தமிழுக்கு வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் மிகப் பழைய பொருள் காரணமும் அல்ல, பொறுமையும் அல்ல. கயிறு! பசுவையும் கன்றையும் கட்டிவைக்கும் கயிறு. ருக்வேதத்தில் அந்தப் பொருளில் வந்திருக்கிறது. கட்டுதல் என்னும் கருத்துள்ள "தா" என்ற வேரும் "நி" என்ற முன்னொட்டும் சேர்ந்து உண்டான சொல் அது. கயிறு எப்படிக் காரணமானது என்று கேட்பீர்கள். நான் விளங்கிக்கொண்டது இதுதான்: இருட்டில் மாட்டைத் தேடுகிறவன் கயிற்றின் ஒரு நுனி கையில் அகப்பட்டால், அதைப் பிடித்துக்கொண்டே முளை வரைக்கும் போகிறான். ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஏதோ ஒரு முளையில் கட்டப்பட்டிருக்கிறது. கயிற்றைப் பிடித்துப் போனால் முளை தெரியும். அந்த முளைதான் நிதானம்.

வைத்தியர்கள் இந்தச் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். நோய்க்கு மருந்து சொல்லாமல், நோய் எப்படி உண்டாகிறது, எப்படி அடையாளம் காண்பது என்பதை மட்டும் சொல்லும் "மாதவ நிதானம்" என்ற நூல் ஆயிரம் வருடங்களுக்கு மேலாக இந்திய வைத்தியத்தில் புகழ் பெற்றது. ஆயுர்வேதம் படிப்பவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

அறபு படித்தவன் என்ற முறையில் எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது வேறொன்று. இந்தச் சொல் பக்தாதுக்கும் போயிருக்கிறது! அலீ இப்னு ரப்பன் அத்தபரீ என்ற வைத்திய அறிஞர் கி.பி. 850ல் முடித்த "பிர்தவ்ஸுல் ஹிக்மா" என்னும் பெரிய வைத்திய நூலின் பிற்பகுதியில் இந்திய வைத்தியத்தைச் சுருக்கிச் சொல்கிறார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நூல்களில் "நிதான்" என்பதும் ஒன்று. அதே நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் யஃகூபியும், நானூற்று நான்கு நோய்களின் அடையாளங்களைச் சொல்லிச் சிகிச்சையைச் சொல்லாத இந்திய நூல் என்று "நிதான்" என்ற பெயரைக் குறித்து வைத்திருக்கிறார். பிலிமத்தலாவையில் என் உம்மாவின் முழங்காலுக்காகச் சொல்லப்பட்ட சொல், அப்பாஸிய கலீபாக்களின் காலத்தில் அறபு எழுத்தில் ஏறியிருந்தது.

எங்கள் பௌத்த அயலவர்களுக்கும் இந்தச் சொல் புதியதல்ல. துன்பம் எதனால் வருகிறது, அது எதனால் வருகிறது என்று பின்னோக்கிப் போகும் பன்னிரண்டு கண்ணிகளை அவர்கள் நிதானங்கள் என்றே அழைக்கிறார்கள். அது அவர்களுடைய சமயக் கொள்கை. நமக்கு அதில் வேலையில்லை. சொல் அங்கேயும் கயிறு போலவே நீண்டிருக்கிறது என்பதைக் காட்டவே சொன்னேன்.

இடையில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சிங்களத்தில் "நிதானய" என்றால் புதையல் என்றும் பிள்ளைகள் சொல்வார்கள். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் பெயர் பெற்ற திரைப்படத்தின் பெயரும் அதுதான். அது உண்மையில் வேறு சொல். "தா" என்ற எழுத்தை மூச்சோடு அழுத்திச் சொல்ல வேண்டும். வைத்தல், புதைத்து வைத்தல் என்ற வேரிலிருந்து வந்தது. சிங்கள எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியும். தமிழில் ஒரே "த"தான் இருப்பதால் நம் காதுக்குப் பிடிபடுவதில்லை.

சரி, காரணம் என்ற சொல் தமிழில் பதறாமையாக மாறியது எப்படி? மலையாளத்தில் இன்றும் நிதானம் என்றால் காரணம்தான். ஹிந்தியில் நோயைக் கண்டறிதல். தெலுங்குக்காரர்கள் மெதுவாக என்று சொல்வதற்கு இதைச் சொல்கிறார்கள். கன்னடத்தில் எழுத்துக் கொஞ்சம் மாறினாலும் அதே "மெதுவாக" என்ற பொருள்தான். தமிழ் இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. பழைய தமிழ் அகராதிகளைப் புரட்டினால், காரணம் என்ற பொருளுக்குப் பக்கத்திலேயே உறுதி செய்தல், மதிப்பிடுதல், ஆராய்தல் என்ற பொருள்களும் வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசையே படிக்கட்டு மாதிரி எனக்குத் தோன்றுகிறது. காரணத்தைத் தேடுகிறவன் ஆராய்கிறான். ஆராய்கிறவன் அளந்து பார்க்கிறான். அளந்து பார்க்கிறவனுக்கு அவசரப்பட முடியாது. பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அவனுடைய அவசரமின்மைதான் தெரிகிறது. அதனால் அதற்கே நிதானம் என்ற பெயர் வந்துவிட்டது.

நம் சமையலறையில் அந்த நடுப்பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. பதினைந்து பேருக்குச் சோறாக்கும்போது உப்பை யாரும் கரண்டியால் அளப்பதில்லை. கையில் எடுத்து நிதானித்துத்தான் போடுகிறார்கள். அந்த ஒரு கணத்தில் அரிசி எவ்வளவு, கறியில் உப்பு எவ்வளவு, வீட்டில் யாருக்குப் பிரஷர் இருக்கிறது எல்லாமே மனதில் ஓடி முடிந்துவிடும். அது மெதுவாகச் செய்யும் வேலையா? கண் மூடித் திறப்பதற்குள் நடக்கும் வேலை. ஆனாலும் அதற்கு நிதானம் என்றுதான் பெயர். குடித்துவிட்டுத் தெருவில் கிடப்பவனை "நிதானத்தில் இல்லை" என்கிறோம். அவன் வேகமாகப் போகிறான் என்றா சொல்கிறோம்? எது எதனால் நடக்கிறது என்று பிடித்துக்கொள்ளும் நுனி அவன் கையிலிருந்து நழுவிவிட்டது என்கிறோம்.

ஆகவே நிதானம் வேறு, மந்தம் வேறு. சில ஆண்கள் எந்த வேலையையும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவிட்டு "நான் நிதானமான ஆள்" என்று சொல்லிக்கொள்வதுண்டு. அவர்களுக்கு இந்தச் சொல்லில் பங்கில்லை.

வகுப்பில் ஒரு நாள் இதே சொல்லை அறபில் மொழிபெயர்க்கச் சொல்லி ஒரு மாணவி கேட்டாள். ஒரே சொல்லில் சொல்ல எனக்கு ஏலவில்லை. கரும்பலகையில் ஐந்தாறு சொற்களை எழுதினேன். ஹில்ம், அனாத், வகார், ஸகீனத், துமஃனீனத், இஃதிதால். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் நிதானம் இருக்கிறது. எழுதி முடித்த பிறகுதான் இந்த வரிசையில் இல்லாத இன்னொரு சொல் நினைவுக்கு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இஃதிதால் என்றால் மத்ரஸாவில் ஓதிய எல்லாச் சகோதரிகளுக்கும் தெரியும். ருகூஉவிலிருந்து எழும்பி நிமிர்ந்து நிற்பது. தொழுகையின் பர்ளுகளை எண்ணும்போது சின்னப் பிள்ளைகள்கூட ஒரே மூச்சில் சொல்லிவிடும். ஆனால் அதன் வேருக்கு என்ன பொருள்? நீதி என்னும் "அத்ல்" வந்த வேர்தான் அதுவும். ஒட்டகத்தின் ஒரு பக்கத்தில் தொங்கும் பொதிக்கு அறபியர் "இத்ல்" என்று பெயர் வைத்தார்கள். மறுபக்கத்தில் அதே எடையில் இன்னொரு பொதி இருந்தால்தான் அது இத்ல். ஒரு பக்கம் கனத்தால் சுமை சரியும், மிருகத்தின் முதுகு புண்ணாகும், பிரயாணம் அங்கேயே நிற்கும்.

இதை விளங்கிக்கொள்ள நாம் அறேபியாவுக்குப் போக வேண்டியதில்லை. கடுகண்ணாவை மலையை வெட்டி ஆங்கிலேயர் 1820களில் கொழும்பு வீதியைப் போடும் முன்னால், கண்டி இராச்சியத்துக்குள் சாமான் வந்ததும் போனதும் தவலம் மாடுகளின் முதுகில்தான். அந்தத் தொழிலில் நம் முன்னோர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மாட்டுப் போக்குவரத்தைக் கவனிக்க அரசனிடம் "மடிகே" என்றொரு பிரிவே இருந்தது. அதில் முஸ்லிம்கள் சேவை செய்ததைக் கலாநிதி லோனா தேவராஜா 1994ல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்களைப் பற்றிய நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். கரையிலிருந்து உப்பும் கருவாடும் மேலே ஏறும். இங்கிருந்து பாக்கும் மிளகும் கீழே இறங்கும். காட்டுப் பாதையில் ஒரு மாட்டின் இரண்டு பொதியும் சமமில்லையென்றால் என்ன நடக்கும் என்பதை அந்த மனிதர்களுக்கு யாரும் அகராதி பார்த்துச் சொல்லியிருக்கத் தேவையில்லை. அவர்கள் ருகூஉவிலிருந்து எழும்பி இஃதிதாலில் நின்றபோது, அந்தச் சொல்லின் கனம் அவர்களுடைய தோளுக்குத் தெரிந்திருக்கும்.

துமஃனீனத் என்பதும் தொழுகையில் வரும் சொல்தான். ருகூஉவிலும் இஃதிதாலிலும் ஸுஜூதிலும் உறுப்புகள் அசைவு நின்று தங்குவது. அவசர அவசரமாகத் தொழுதுவிட்டு வந்த ஒருவரை நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை திருப்பியனுப்பித் தொழச் சொன்ன ஹதீஸ் நாம் அறிந்ததே. இந்தச் சொல்லின் வேரைத் தேடினால் நிலம் வருகிறது. சுற்றிலும் மேடாக இருக்க, நடுவில் தாழ்ந்து, தண்ணீர் வந்து தங்கும் பூமியை அறபியர் "முத்மஇன்" என்றார்கள். பேராதனை, கடலாதெனிய என்று நம் ஊர்ப் பெயர்களில் சிங்களத்தில் வரும் "தெனிய" இருக்கிறதே, மலைகளுக்கு நடுவே வயல் செய்யும் அந்தத் தாழ்ந்த நிலம், கிட்டத்தட்ட அதுதான். பெருமழை பெய்து மேட்டிலிருந்து ஓடி வந்த கலங்கல் தண்ணீர் அங்கே நின்று தெளிவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

ஸகீனத்துக்கு வருவோம். ஸகீனா என்று நம் பெண்பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறோம். அசைவு நிற்பது, தங்கி வசிப்பது இரண்டும் ஒரே வேர். கணவன் மனைவியைப் படைத்ததைச் சொல்லும் இறைவசனத்தில், ஒருவரிடம் ஒருவர் அமைதி பெறுவதற்கு இந்த வேரைத்தான் அல்லாஹ் எடுத்தாள்கிறான். இதே வேரில் கத்திக்கும் "ஸிக்கீன்" என்று பெயர். அறுக்கப்படும் பிராணியின் அசைவை நிறுத்துவதால் அப்பெயர் என்று இமாம் ராகிப் அல் இஸ்பஹானீ சொல்கிறார். கப்பலின் திசை திருப்பும் பலகைக்கு "ஸுக்கான்" என்று பெயர். கப்பல் தத்தளிக்காமல் அதை அடக்குவதால் என்று அறபு அகராதிக்காரர்கள் சொல்வார்கள். அறபுக்கு முந்திய பழைய இராக்கிய மொழியிலும் சுக்கானுக்கு இதைப் போன்ற சொல் இருந்திருப்பதால், அந்த விளக்கத்தை முடிந்த முடிவாக எடுக்கத் தேவையில்லை. ஆனால் நம் மரக்கல வணிகர்களோடு கரையிறங்கிய அந்தச் சொல் தமிழில் "சுக்கான்" என்று நிலைத்துவிட்டது. சிங்களத்தில் வாகனத்தின் ஸ்டியரிங்குக்கும் "சுக்கானம" என்றுதான் சொல்கிறார்கள். கடுகண்ணாவை வளைவில் இறங்கும் பஸ் சாரதியின் இரண்டு கைகளுக்குள்ளும் இருப்பது ஸகீனத்தின் தங்கைதான் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு.

சுக்கானைப் பற்றிப் பேசும்போது மனதில் ஒரு முள் குத்துகிறது. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் திகதி, நம் கண்டி மாவட்டத்தின் தெல்தெனியவில், வீதியில் வாகனம் சம்பந்தமாக எழுந்த ஒரு வாய்த்தர்க்கத்தில் முஸ்லிம் இளைஞர்கள் சிலர் ஒரு சிங்களச் சாரதியை அடித்தார்கள். மார்ச் 3ஆம் திகதி அவர் இறந்துபோனார். அடுத்தடுத்த நாட்களில் திகனையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பள்ளிவாசல்களும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எரிந்த வீடொன்றில் ஒரு முஸ்லிம் இளைஞரின் ஜனாஸா கிடந்தது. மார்ச் 6ஆம் திகதி நாட்டில் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. அந்த வாரம் நம் பக்கத்து வீடுகளிலும் யாரும் உடுத்த உடையோடுதான் படுத்தோம். அந்தத் தீக்கு ஒரு வாய்த்தர்க்கம்தான் நிதானம் என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டம் திரட்டியவர்களுக்கு வேறு நோக்கங்கள் இருந்தன; அந்தக் கயிறு வெகு தூரம் போகிறது. ஆனால் வீதியில் கையை ஓங்கிய அந்தச் சில நிமிடங்களில் சுக்கான் யாருடைய கையிலும் இருக்கவில்லை என்பதை நம் பிள்ளைகளிடம் மறைக்கக்கூடாது. மற்றவர்களின் குற்றத்தைச் சொல்லும்போது நம்முடையதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கரும்பலகையில் எழுத மறந்த சொல்லைச் சொல்கிறேன் என்றேன். அது "அக்ல்". அறிவு, புத்தி. அக்ல் உள்ளவர்களுக்கே மார்க்கக் கடமை என்று படிக்கிறோம். இந்தச் சொல்லின் வேர் என்ன தெரியுமா? கயிறு! ஒட்டகம் எழும்பி ஓடாமல் அதன் மடக்கிய முன்னங்காலைக் கட்டும் கயிற்றுக்கு "இகால்" என்று பெயர். அப்படிக் கட்டுவதுதான் "அக்ல்". சவூதி, கத்தார் போய் வந்தவர்கள் கொண்டுவரும் படங்களில் அறபியர் தலைத்துணியின் மேல் கறுப்பு வளையம் ஒன்று வைத்திருப்பார்களே, அதற்கும் இகால் என்றுதான் பெயர். ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிட்டுத் தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவருக்கு, முதலில் அதைக் கட்டும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன சொல்லும் இந்த வேரில்தான் வருகிறது.

வடக்கே மாடு மேய்த்தவர்கள் கன்றுக் கயிற்றிலிருந்து ஒரு சொல்லை எடுத்தார்கள். பாலைவனத்தில் ஒட்டகம் மேய்த்தவர்கள் காற்கயிற்றிலிருந்து ஒரு சொல்லை எடுத்தார்கள். ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு எடுத்ததல்ல. இரண்டும் மனிதனின் மனதை எதனால் பிடித்து வைக்கலாம் என்ற இடத்தில் வந்து சந்திக்கின்றன. ஸுப்ஹானல்லாஹ், நான் இதைக் கண்ட இரவு தூங்க வெகு நேரமானது.

அப்துல் கைஸ் கூட்டத்தார் மதீனாவுக்கு வந்த செய்தியில் இந்தக் கயிறு கண்ணுக்கே தெரிகிறது. நீண்ட பிரயாணம். நபியவர்களைக் காணும் ஆசையில் எல்லோரும் வாகனங்களிலிருந்து குதித்து ஓடினார்கள். அல் அஷஜ் என்பவர் மட்டும் பின்தங்கினார். எல்லோருடைய சாமான்களையும் ஒன்று சேர்த்தார். தம் ஒட்டகத்தைக் கட்டினார். நல்ல உடையை எடுத்து உடுத்திக்கொண்டார். பிறகு வந்தார். அல்லாஹ் விரும்பும் இரண்டு குணங்கள் உம்மிடம் இருக்கின்றன என்று நபி (ஸல்) அவர்கள் அவரைத்தான் பாராட்டினார்கள். அவை ஹில்மும் அனாத்தும். ஒன்று, கோபத்தை அடக்கும் தன்மை. மற்றது, அவசரப்படாமை. கலியாண வீட்டுக்கு வெளிக்கிடும் மனைவியை வாசலில் நின்று அவசரப்படுத்தும் கணவன்மார் இந்த ஹதீஸை இன்னொரு முறை வாசிப்பது நல்லது. அஷஜ்ஜுக்கும் உடுத்த நேரம் எடுத்தது!

கயிறு என்று தொடங்கியதால் முடிச்சையும் சொல்லியாக வேண்டும். நிக்காஹ் ஒப்பந்தத்தைக் குர்ஆன் "உக்தத்" என்கிறது. முடிச்சு என்று பொருள். தலாக் என்ற சொல்லோ அதற்கு எதிர்ப்புறத்தில் நிற்கிறது. கட்டு அவிழ்த்து விடப்பட்ட ஒட்டகத்தை அறபியர் "தாலிக்" என்பார்கள். அந்த வேர்தான். அவிழ்த்து விடுதல். முடிச்சைப் போட இரண்டு தரப்பும் வலியும் சாட்சிகளும் கூடி உட்கார்ந்து எவ்வளவு நிதானித்தோம்! அவிழ்ப்பதற்கு மட்டும் ஒரு வாயின் ஒரு கணம் போதும் என்று சில ஆண்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

கோபத்தில் சொன்னேன், அது செல்லுமா செல்லாதா என்று கேட்டு என் வீட்டு வாசலுக்கு வருகிறவர்கள் உண்டு. சொல்வதற்கு முன்னால் ஒருவராவது வந்து கேட்பதில்லை. கோபம் வந்தால் நின்றவர் உட்காரட்டும், அடங்காவிட்டால் படுக்கட்டும் என்ற நபிமொழியைக் குத்பாக்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம். ஓடும் ஒட்டகத்தைக் கூட உட்கார வைத்துத்தான் காலைக் கட்ட முடியும். நம் நாட்டுச் சட்டமும் இதில் கயிற்றை நீளமாகவே விட்டிருக்கிறது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டப்படி, தலாக் சொல்ல நினைக்கும் கணவன் முதலில் காதி நீதிபதிக்கு அறிவிக்க வேண்டும். காதி இரு தரப்பு உறவினர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் வைத்துச் சமாதானம் செய்ய முயற்சிக்க வேண்டும். முப்பது நாட்களுக்குள் அது முடியாவிட்டால்தான் காதிக்கும் இரு சாட்சிகளுக்கும் முன்னால் தலாக் சொல்ல இடமுண்டு. இந்தச் சட்டத்தில் திருத்த வேண்டியவை பல உண்டு என்று பெண்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். அவர்களுடைய முறைப்பாடுகளில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த முப்பது நாட்களை வெறும் தாமதம் என்று நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த நாட்கள் நிதானம் தேடுவதற்கு. வெதமஹத்தயாவின் பொருளில் சொல்கிறேன்.

என்னிடம் முன்பு ஓதிய பிள்ளையொருத்தி ஒரு நாள் தாயோடு வந்தாள். கையில் கைக்குழந்தை. பெயரும் ஊரும் வேண்டாம். கணவர் முந்தின இரவு சத்தம் போட்டு, நாளைக் காலையில் காதியிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். என்ன நடந்தது என்று கேட்டேன். மூத்த பிள்ளையின் ஸ்கூல் வேனுக்கு மாதக் காசு கேட்டாளாம். அவ்வளவுதான். தாய் அழுதுகொண்டே, "ஹஸ்ரத், மகளுக்குக் கொஞ்சம் நிதானமா இருக்கச் சொல்லுங்க" என்றார்.

நம் வீடுகளில் இந்தச் சொல்லைப் பெண்களுக்கு மட்டும் குடிக்கக் கொடுக்கும் கஷாயமாக்கிவிட்டோம். அடி வாங்குகிறவளிடம் போய் நிதானமாக இரு என்று சொல்வது அறிவுரை அல்ல, அநியாயம். அங்கே தேவைப்படுவது பாதுகாப்பு. இந்தப் பிள்ளையிடம் அப்படி ஏதும் நடக்கிறதா என்று முதலில் கேட்டேன். இல்லை என்றாள். அதற்குப் பிறகுதான் வெதமஹத்தயாவைப் போல ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினேன். எப்போதிருந்து இந்தக் கோபம்? இரண்டு மாதமாக. முன்பு வேன் காசு எப்போது தருவார்? ஒன்றாம் திகதியே. இப்போது காலையில் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார்? வழமை போல, சோற்றுப் பார்சலும் எடுத்துக்கொண்டு. பார்சல் திரும்பி வருகிறதா? அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சில நாள் அப்பிடியே வரும் ஹஸ்ரத்" என்றாள். கண்டி நகரில் அவர் வேலை செய்த கடையைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒருவரிடம் போனில் கேட்டேன். இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். மனிதர் அறுபது நாட்களாகச் சோற்றுப் பார்சலோடு வீட்டை விட்டு இறங்கி, மாலை வரை எங்கேயோ உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். மனைவி கேட்டது வேன் காசு. அவர் காதில் விழுந்தது வேறு.

அவளை அவளுடைய தாய் வீட்டில் இருக்கச் சொன்னேன். அவளுடைய நானாவிடம், போய்ச் சண்டை பிடிக்காமல், நான் காண வேண்டும் என்று மட்டும் சொல்லும்படி சொன்னேன். காதியிடம் போகிறேன் என்றவர் போகவில்லை. ஐந்து நாட்களாக என்னிடமும் வரவில்லை. ஆறாம் நாள் மஃரிபுக்குப் பிறகு வாசலில் வந்து நின்றார். சாரத்தை உடுத்திக்கொண்டு, கையில் ஒன்றுமில்லாமல், உள்ளே வரவா போகவா என்று.

வந்து இருக்கச் சொன்னேன். உம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு தானே எழும்பிப் போய்ப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தார். கருப்பட்டித் துண்டு ஒன்றும் வைத்தார். அவர் குடித்து முடிக்கும் வரை நான் ஒன்றும் கேட்கவில்லை.